மாடி அறைக்கு யார் ஜாமீன்?

1

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு டீச்சர் வந்து சேர்ந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். இடைவேளையில் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, வாடகைக்கு அறை கேட்டா எல்லாரும் ஜாமீன் யாருன்னு கேக்கிறாங்க. உங்களுக்கு யாருக்கா நின்னது?" என்றாள்.

"ஒரு சீனத்து அம்மா" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துவிட்டதுபோல அவசரமாக வகுப்புக்குள் போய்விட்டேன். மணி அடித்திருக்கவில்லை. சொன்னது பொய்யில்லை. ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தால் அவள் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது.

பினாங்கு எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்குக் கடற்கரையைப் பற்றியும், டிராம் வண்டியைப் பற்றியும், மலைமேல் ஏறும் ரயிலைப் பற்றியும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை. எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

2

நான் திருச்சி பாலக்கரையில் பிறந்தவள். ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு சூசை அண்ணன் என்னை மலாயாவுக்கு அழைத்து வந்தார். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் கிராணி. கிராணி என்றால் பேர் பதிகிற குமாஸ்தாதான். ஆனால் அவர் பேனாவை எடுத்துப் பேர் எழுதினால்தான் ஒருவனுக்கு அன்றைய கூலி உண்டு. அதனால் அண்ணன் நடந்து போனால் ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது என் வேலை.

ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். கடைசியில் பேர் பதிய ஆளில்லாமல் பதிகிறவருக்கும் வேலை போயிற்று. அதே மாதத்தில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணி கேட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டாள்.

அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள் நால்வரும் ஊருக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. என் சம்பளம் இல்லாவிட்டால் அங்கே போய் என்ன சாப்பிடுவது? ஆகவே நான் இருக்க வேண்டும். இருந்தால் எங்கே இருப்பது?

"வயசுப் பொண்ணைக் கடல்கரையில விட்டுட்டு வந்தேன்னு ஊர்ல சொல்லிக்கவா?" என்று அண்ணி அழுதாள்.

அண்ணன் சொன்னார்: "கப்பலுக்கு முன்னால யோக்கியமான இடத்துல ஒரு அறை கிடைச்சா இரு, ரோசம்மா. இல்லேன்னா நீயும் எங்களோட ஏறிடு. பட்டினி கிடந்தாலும் ஒண்ணாக் கிடப்போம்."

சின்னவன் லூர்து தோட்டத்திலேயே பிறந்தவன். "ஊர்ல பசார் இருக்குமா அத்தே? அங்க உள்ளவங்க என்ன பேசுவாங்க?" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். தமிழ்தான் பேசுவார்கள் என்றேன். "தமிழ் மட்டுமா?" என்று அவன் கவலைப்பட்டான்.

3

படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து அண்ணனும் நானும் வீடு தேடினோம். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில் அறை காலி என்றார்கள். அவருடைய மேலாள் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் அண்ணனிடமே பேசினார்.

"யார் குடியிருக்கப் போறது?"

"என் தங்கச்சிங்க. டீச்சர்."

"கூட ஆம்பளை யாரு?"

"சம்பளம் ஒழுங்கா வரும்ங்க, வாடகைக்குக் குறைவிருக்காது" என்று நான் குறுக்கிட்டேன்.

"வாடகையைக் கேக்கலைம்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா யார் வந்து நிப்பா? அதுக்குத்தான் ஜாமீன் கேக்கறது."

"நான் கையெழுத்துப் போடறேன்" என்று அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

மேலாள் அப்போதுதான் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, இரக்கமாகச் சிரித்தார். அதுதான் மோசம். "நீங்க கப்பலேறப் போறவர்தானே அண்ணே? உங்க கையெழுத்தை நான் கடல்லயா தேடறது?"

அண்ணன் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். திரும்பும் வழியில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். அவர் முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பார்.

கோயிலில் தெரிந்தவர் ஒருவர், பெரிய கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவரிடம் போய்க் கேட்டோம். காப்பி கொடுத்தார், குடும்பத்தை விசாரித்தார். ஜாமீன் என்றதும் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் போடலாம்மா. ஆனா ஏன் போட்டேன்னு என் வீட்டுல கேப்பாங்க, அப்புறம் கோயில்ல கேப்பாங்க. அது உனக்கே நல்லதில்ல." சமையலறைக் கதவோரம் அவர் மனைவி நின்றிருந்தாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம். கன்னியர் மடத்திலும் கேட்டுப் பார்த்தோம். அநாதைப் பிள்ளைகளுக்கே படுக்க இடமில்லை என்றார்கள்.

ஒரு பெண்ணுக்கு எவன் ஜாமீன் நின்றாலும் அவன் அவளுக்கு என்ன உறவு என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் ஜாமீன் என்ற சொல்லை ஜெயிலோடு சேர்த்துத்தான் கேட்டிருந்தேன். ஒரு குற்றமும் செய்யாமலே குற்றவாளிபோல வாசல் வாசலாக நின்றேன்.

4

கப்பல் சீட்டு வாங்க அண்ணன் போன அன்று நான் தனியாக அலைந்தேன். ஒரு தெருவில், செருப்புத் தைக்கும் சீனர் கடைத் தூணில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அறை வாடகைக்கு இருந்தால் அப்படி ஒட்டுவார்கள் என்று தெரியும். காகிதத்தைக் காட்டிச் சைகை செய்தேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வந்தவள் வீட்டுக்காரி. நாற்பது வயதிருக்கும். சீன வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்து, சரோங்கும் கெபாயா என்கிற மேல்சட்டையும் உடுத்தி, மலாய் பேசுகிற குடும்பம். அப்படிப்பட்ட பெண்களை இங்கே நோன்யா என்பார்கள். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கையில் விசிறிபோல விரித்த சீட்டுகளோடு, ஆட்டத்தின் நடுவில் எழுந்து வந்திருந்தாள்.

எனக்கு அப்போது மலாய் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம்.

"சியாப்பா ஜாமின்?" என்றாள். நம் சொல் அங்கேயும் எனக்கு முன்னால் போய் நின்றது. யார் ஜாமீன் என்கிறாள். கையை விரித்தேன்.

"லாக்கி மானா?"

லாக்கி என்றால் ஆண்பிள்ளை. கூட ஆண்பிள்ளை எங்கே என்று அவளும் கேட்கிறாள். "தாக் அடா" என்றேன். இல்லை என்று சொல்ல மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. லாக்கி என்றால் புருஷனும்தான் என்பது எனக்குத் தெரியாது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சர்கள் உடுத்தும் வெள்ளைப் புடவை. காதில் ஒன்றுமில்லை, தோட்டை அண்ணியின் வழிச்செலவுக்குக் கழற்றிக் கொடுத்திருந்தேன். கழுத்தில் ஜெபமாலை. அவள் குரல் தணிந்தது. ஒற்றை விரலை உயர்த்தி, "ஜண்டா?" என்றாள்.

நம் ஊரில் ஜண்டா என்றால் கொடி. இங்கே, அந்த விரலைப் பார்த்தால், தனியாள் என்று அர்த்தமிருக்கும் என்று ஊகித்தேன். இவளாவது குரலை உயர்த்தாமல் கேட்கிறாளே என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவள் சீட்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள். பின்கட்டில் ஒரு சின்ன அறை. மரச்சன்னலுக்கு வெளியே கொல்லை. ஜாமீனைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

மறுநாள் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நோன்யா வெளியே போயிருந்தாள். செருப்புக்கடைக்காரர்தான் சாவி கொடுத்தார். அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுத் திறந்தார்.

"ஜாமீன்?"

"வேண்டாம்னுட்டாங்கண்ணே."

அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "பாத்தியா? நம்ம முகத்தைப் பாத்தாலே தெரியுது இல்ல, என்ன மாதிரிக் குடும்பம்னு!" ஊருக்குப் போன பிறகும் எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பதாக அண்ணி எழுதினாள்.

5

என் வகுப்புப் பெண்கள் தமிழை மலாயில் ஊறவைத்துப் பேசுவார்கள். ஒருநாள் ஒருத்தி தாமதமாக வந்தாள். ஏன் என்று கேட்டேன். "சித்தி வீட்டுல இருந்து வர்றேன் டீச்சர். சித்தி ஜண்டாலா, தனியா இருக்காங்க, நான்தான் துணைக்குப் படுக்கறேன்."

"தனியா இருந்தா ஜண்டாவா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. "இல்ல டீச்சர்! புருஷன் செத்துட்டா ஜண்டா. இல்லாட்டி விட்டுட்டு ஓடிட்டா ஜண்டா!"

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் சுண்ணாம்புக்கட்டி இருந்தது. எழுதத்தான் ஒன்றும் வரவில்லை. புருஷன் போனாயிற்றா என்று கேட்டவளுக்கு நான் பல்லைக் காட்டித் தலையாட்டியிருக்கிறேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாடிப்படி ஏறும்வரை சொல்வதாகத்தான் இருந்தேன். ஏறியதும் நோன்யா ஒரு தட்டில் தேங்காய்ப்பால் பலகாரம் வைத்துக் காத்திருந்தாள். அவள் புருஷன் சயாம் பக்கம் ஈய வியாபாரத்துக்குப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தவர். உடல்கூட வந்து சேரவில்லை. வெளியே அவள் ஊரை அதட்டுகிறவள். சீட்டாட்டத்தில் அவள் சிரிப்புத் தெருமுனை வரை கேட்கும். என்னிடம் உட்கார்ந்தால் மட்டும் அவரைப் பற்றியே பேசுவாள். அவர் சாப்பிடும்போது மீசையைத் துடைக்கும் விதம், கோபம் வந்தால் தொப்பியைத் தேடும் விதம். பாதி புரியும், பாதி புரியாது. அன்று பேச்சின் நடுவில் என்னைப் பார்த்து, "உன் ஆளுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லத் தெரியாமல் குனியவில்லை. சொன்னால் அறை போய்விடும் என்று குனிந்தேன். அவள் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் கடை நிழலில் நடந்தால் சீட்டியடித்தவர்கள் இப்போது காலை மடக்கி வழிவிட்டார்கள். ஒழுங்காக வேலை பார்க்கிற கன்னிப்பெண்ணுக்குக் கிடைக்காத இடம், செத்துப்போன ஒரு புருஷன் பேரைச் சொன்னால் கிடைக்கிறது. அப்படி ஒருவர் இல்லையே என்பதுகூடச் சில நாள் மறந்துபோயிற்று.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. நம்மவர்கள் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போவதை நோன்யா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நான் கீழே இறங்கியபோது ஒரு கூடையை என் கையில் திணித்தாள். நிறையச் செவ்வந்திப் பூ. அதன்மேல் சீனர்கள் ஏற்றுகிற தடித்த சிவப்பு மெழுகுவத்தி ஒரு ஜோடி.

"உன் ஆளுக்கு" என்றாள். "என் ஆளுக்குத்தான் போய் ஏற்ற இடமில்லை."

அதைச் சாக்கடையில் போட என்னால் முடியவில்லை. திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. கல்லறைத் தோட்டத்தின் கோடியில், பேர் அழிந்துபோன ஒரு மரச்சிலுவைக்கு முன்னால் பூவை வைத்துச் சிவப்பு மெழுகுவத்தியை ஏற்றி முழங்காலிட்டேன். யாராக இருந்தாலும் இளைப்பாறட்டும் என்று ஜெபித்தேன். எழுந்து திரும்பினால் உபதேசியார் மனைவி நிற்கிறாள்.

"இது யாரு டீச்சர்?"

"தெரியாதுங்க" என்றேன். அது உண்மை. அந்த இடத்தில் அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது.

6

அந்த வாரமே பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கல்லறையில் பார்த்ததோடு, நான் குடியிருக்கும் தெருவிலும் யாரோ விசாரித்திருக்கிறார்கள்.

"இங்க பதிவுல மிஸ்ஸுன்னு இருக்கு. குடியிருக்கிற வீட்டுல விதவைன்னு பேரு. கல்லறையில யாருக்கோ சிவப்பு மெழுகுவத்தி. இதுல எதும்மா நீ? பெண்பிள்ளைகள் படிக்கிற இடம் இது."

பாஷை தெரியாமல் வந்த தப்பு என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது.

"இருக்கலாம். உனக்காகப் பேச இந்த ஊர்ல யாராவது இருந்தா திங்கட்கிழமை கூட்டிட்டு வா."

வீட்டுக்குப் போனேன். நோன்யா மூன்று சிநேகிதிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள். அவர்கள் போகும்வரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். அதற்குள் மலாய் ஓரளவு வந்திருந்தது. நாங்கள் மலாயில் பேசியதை நம் பாஷையில் எழுதுகிறேன்.

"நோன்யா, நான் ஜண்டா இல்லை."

"என்ன, உயிரோட வந்துட்டானா?" என்று அவள் பாதி எழுந்தாள்.

"ஆளே இல்லை. கல்யாணமே ஆகலை. நீங்க கேட்ட சொல்லு அப்ப எனக்குப் புரியலை. இப்ப பள்ளிக்கூடத்துல என்னை நிறுத்திடுவாங்க போல."

சிநேகிதிகளில் ஒருத்தி வெற்றிலைச்சாறு தெறிக்கச் சிரித்தாள். நோன்யா சிரிக்கவில்லை. "நான் என் புருஷனுக்கு ஊதுபத்தி கொளுத்தறப்போ எல்லாம் உன் ஆளுக்கும் ஒண்ணு கொளுத்தினேனே" என்றாள். பிறகு சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

இதை மட்டும் கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

"முன்னாடியே."

"நான் பூ வாங்கிக் கொடுத்தப்போ?"

"தெரியும்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கூட வந்து பேசுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன், கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் தனியாகத்தான் நின்றேன். "யாரும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். தோட்டத்து ஆட்கள் போனதுபோல நானும் கப்பலேற வேண்டியதுதான் என்று மனதைத் தயார் செய்துகொண்டிருந்தபோது வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது.

நோன்யா கல்யாணத்துக்கு வருகிறவள்போல வந்தாள். கெபாயாவில் பொன் ஊசிகள், காலில் மணி கோத்த செருப்பு. என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மேனேஜரிடம் மலாயில் பொரிந்தாள்.

"இந்தப் பொண்ணு முட்டாள். ஜண்டாவான்னு கேட்டேன், சிரிச்சா. எந்த ஜண்டா சிரிப்பா? அதைப் பார்த்தும் நம்பின நானும் முட்டாள். மெழுகுவத்தி நான் வாங்கினது. என் வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்ததில்ல, ஒருநாள்கூட இவ இருட்டினப்புறம் வந்ததில்ல."

மேனேஜருக்கு மலாய் நன்றாகத் தெரியும். "நாளைக்கு வேற ஒரு பேச்சு வந்தா?" என்று கேட்டார்.

"என்கிட்ட வாங்க. நான் ஜாமின்."

அவர் மேசையிலிருந்த பதிவேட்டை மூடினார். "சரி, கிளாஸுக்குப் போம்மா" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள். "அறையில இரு. வேலைக்குப் போ. எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

இன்றும் அந்த அறையில்தான் இருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி அனுப்புவாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ டீச்சர், என் ஜாமின்ல இருக்கா" என்று சொல்வாள். சீட்டுக்கு ஒரு கை குறைந்தால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். நானும் இறங்கிப் போய் ஆடுவேன். அண்ணன் இதைப் படிக்கும்போது, ஜாமீனில்லாமல் தங்கைக்கு வீடு கிடைத்த பெருமை அவருக்குப் போய்விடும். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவளிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இந்த ஊரில் தன் துக்கம் தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று சில மாதங்கள் நம்பியிருந்தாள். வருஷா வருஷம் புருஷன் இறந்த நாளில் படத்துக்கு முன்னால் படையல் வைக்கிறாள். நான் மாடிப்படியில் நிற்பது அவளுக்குத் தெரியும். படைத்ததில் என் பங்கு பிறகு தட்டில் வந்துவிடும். ஆனால் அவரைப் பற்றி, அன்றிலிருந்து இன்றுவரை, அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.